சிஞ்ஞோர் தேடிய துவக்குக் கம்பி

சிஞ்ஞோர் கலோஜெரோ அழுகிற நிலையில் நின்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சும்மா சிரிப்பா அது? சந்தைக்கு நடுவில், கண்ணாடிச் சாமான் விற்கிறவனின் மேசையை ஒரு கையாலும் வயிற்றை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேசையில் இருந்த கோப்பைகள் எல்லாம் கிலுகிலுத்தன. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. மேசைக்காரன் கோப்பைகளைப் பிடிப்பதா, என்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே தூரி என்று ஒரு வியாபாரி. அவன் தன் போனில் ஒரு படத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மெல்லிய, நீளமான இரும்புக் கம்பி. ஒரு நுனியில் குமிழ். குமிழுக்குக் கீழே ஊசிக்காது மாதிரி நீட்டுத் துளை.

“நேற்று கத்தானியாவிலையிருந்து ஒருத்தன் வந்து வாங்கிக்கொண்டு போட்டான். ஒரு நாள் பிந்திப் போனியள், சிஞ்ஞோர்.”

சிஞ்ஞோர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். செத்த வீட்டில்தான் அவர் அப்படிக் கழற்றுவார். நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டி அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும்தான் எனக்கு அந்தச் சிரிப்பு வெடித்தது.

(இவர்கள் எல்லாரும் இத்தாலிய மொழியில், அதுவும் சிசிலிப் பேச்சில்தான் கதைக்கிறார்கள். எனக்கு அது எங்கள் பேச்சாகத்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன். சிஞ்ஞோர் என்றால் ஐயா, சிஞ்ஞோரா என்றால் அம்மா.)

துளையில்லாத துவக்குகள்

இந்தத் தொடரைக் கிழமைதோறும் வாசிக்கிறவர்களுக்குச் சிஞ்ஞோர் கலோஜெரோவைத் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாப்போலிக்கு ஓடும் கப்பலில் வேலைசெய்து ஓய்வெடுத்த மனிதர். மனைவி இல்லை. கால்சாவில் பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். சமையல், துப்புரவு, சண்டை எல்லாம் என்னோடுதான்.

நான் அங்கே வேலைக்குப் போன முதல் நாள், பின்னறைக் கதவைத் திறந்தேன். சுவர் முழுக்கத் துவக்கு, சுடுகிற துப்பாக்கி! கையிலிருந்த தும்புத்தடியோடு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் துவக்கென்றால் என்னவென்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே மெதுவாகத்தான் சொல்வோம்.

சிஞ்ஞோர் செருப்போடு பின்னால் ஓடி வந்து, வாசலில் என்னை மறித்தார்.

“அம்மா, தாயே, அது சுடாது! குழாய் எல்லாம் அடைச்சுக் கிடக்குது. குவெஸ்தூராவிலை, பொலிஸ் கந்தோரிலை பதிஞ்ச பேப்பர் இருக்குது. அதுகள் எல்லாம் என்னைப் போலை கிழடுகள்!”

திரும்ப மேலே கூட்டிப்போய், ஒவ்வொரு குழாயிலும் டார்ச் அடித்துக் காட்டினார். உண்மைதான், ஒன்றிலும் வெளிச்சம் போகவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நான் அந்த அறையைக் கூட்டும்போது முருகா முருகா என்றுதான் கூட்டினேன்.

அவருடைய வேலை என்னவென்றால், உடைந்து, துருப்பிடித்து, பாதி தொலைந்துபோன பழைய படைத் துவக்குகளை வாங்குவது. பிறகு, தொலைந்த பாதியைத் தேடுவது. புதிதாகச் செய்த சாமான் கடையில் கிடைக்கும். அதைக் கையாலும் தொடமாட்டார். அந்தக் காலத்திலேயே செய்து, அந்தக் காலத்துப் படைவீரன் கைபட்டுத் தேய்ந்த ஒறிஜினல் சாமான்தான் வேணும். ஒரு வளையத்துக்காக இரண்டு பேரோடு கோபித்திருக்கிறார். ஒரு தோல்வாருக்காக ஒரு கலியாண வீட்டைத் தவறவிட்டார். கலியாணம் அவருடைய தங்கையின் மகனுக்கு!

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் ஒரு நீளத் துவக்கில். முதலாம் உலகப் போர்க் காலத்து ஆள். பிந்திய காலத்தில் படைக்காரரே அந்த இனத்துத் துவக்குகளை அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்களாம். அதனால் நீளச் சாமான்கள் அகப்படுவது குதிரைக்கொம்பு.

பகேரியா ரயிலில்

அந்தத் துவக்கின் மரக்கட்டை கிடைத்தது பக்கத்து ஊரான பகேரியாவில். ஒரு பழைய மாளிகையின் நிலவறை மூலையில், திராட்சைப் பந்தல்கால்களோடு ஒன்றாகச் சாய்ந்து நின்றது. சிஞ்ஞோர் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததைக் கண்ட வீட்டுக்காரி உடனே விலையை ஏற்றிவிட்டாள். அதை இறக்க எனக்கு அரை நாள் போனது.

திரும்பி வரும்போது, மரக்கட்டையை என் பழைய பருத்திச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தேன். இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். அவ்வளவுதான், என் கை தானாகச் சேலையின் முடிச்சைத் தேடத் தொடங்கிவிட்டது. ஊரில் எத்தனை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிய உடம்பு இது! அந்தப் பயம் பலெர்மோவுக்கு விசா இல்லாமலே என்னோடு வந்து சேர்ந்திருந்தது.

“சிஞ்ஞோரா, அது என்ன சுத்தி வைச்சிருக்கிறியள்?” என்றான் ஒருவன்.

நான் வாயைத் திறக்க முன்னமே சிஞ்ஞோர் எழும்பிவிட்டார். சேலையை அவிழ்த்தார். மரத்தின் வளைவைக் காட்டினார். எந்த மரம், எந்த ஊர்த் தொழிற்சாலை, எதற்காக இந்த இடத்தில் குழிவு என்று தொடங்கினார். பொலிஸ்காரர் தலையாட்டினார்கள். பிறகு தலையாட்டாமல் கேட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த தரிப்பிடத்தில் இரண்டு பேரும் அவசரமாக இறங்கிப் போனார்கள்.

“பாவம், அவையளுக்கு நேரமில்லைப் போலை,” என்று சிஞ்ஞோர் கவலைப்பட்டார். எனக்கு அன்றைக்கும் சிரிப்புத்தான். பொலிஸ்காரனைப் பார்த்து நான் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

மகள் வைத்த பந்தயம்

சிஞ்ஞோருக்கு ஒரே மகள், ஜொவான்னா. வடக்கே தொரீனோவில் வேலை. தகப்பன் தனியாக மூன்று மாடி ஏறி இறங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. “வாங்கோ பப்பா, என்னோடை வந்திருங்கோ,” என்று கேட்காத நாளில்லை. “இந்தத் துவக்கை முடிச்சுப்போட்டு வாறன்,” என்று இவர் சொல்லாத நாளும் இல்லை.

போன கோடையில் வந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நான் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், மேசையில் அடித்துச் சொன்னாள்:

“செத்தவையின்ரை நாளுக்கு நான் திரும்ப வருவன். அண்டைக்குத் துவக்கு முழுசா இருந்தால், தொரீனோ எண்ட சொல்லை என்ரை வாயாலை எடுக்கமாட்டன். ஒரு சாமான் குறைஞ்சாலும், பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடை வரவேணும்.”

மனிதர் ரோசக்காரர். கையை நீட்டிக் குலுக்கிவிட்டார். இங்கே நவம்பர் தொடக்கத்தில் வருகிற அந்த நாளில் செத்தவர்களை நினைப்பார்கள், பிள்ளைகளுக்குப் பழம் மாதிரிச் செய்த இனிப்புக் கொடுப்பார்கள். அந்த நாளுக்கு நான் பயப்படத் தொடங்கினேன்.

ஏன் மறைக்க? அவர் போனால் எனக்கு வேலை போகும். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதிப் பத்திரம், அதைப் புதுப்பிப்பதும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை வேறு. அந்தக் கிழவன் இந்தச் சந்தைகளில் உலாவாமல், வடக்கத்திக் குளிரில் யாரோ ஒருவரின் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஏலாமல் இருந்தது. எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம்.

ஒன்றொன்றாகச் சேர்ந்து, கடைசியில் ஒரு சாமான்தான் பாக்கி. குழாயைத் துடைக்கிற நீளக் கம்பி. துவக்கின் குழாய்க்குக் கீழே, மரத்துக்குள் அது செருகியிருக்குமாம். மற்றத் துவக்குகள் எல்லாம் குட்டை என்பதால் நான் அந்த நீளக் கம்பியைக் கண்ணாலும் கண்டதில்லை. அதைத் தேடித்தான் அந்த ஞாயிறு தூரியிடம் போனோம். அடுத்த நாள் மத்தியானம் ஜொவான்னா வருகிறாள்.

நான் வாங்கிய பானை

இப்போது சிரிப்புக்கு வருகிறேன்.

பேரம் பேசுவதில் பலெர்மோவில் என்னை அடிக்க ஆளில்லை. பல்லரோச் சந்தையில் மீன்காரன் என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்வான். விலையைக் கேட்பேன், “ஐயோ கடவுளே” என்று தமிழில் சொல்வேன், திரும்பி நடப்பேன். கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கமாட்டேன். சிஞ்ஞோருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாமானைக் கண்டதும் கண் விரிந்துவிடும். அதனால்தான் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்.

சில வருசத்துக்கு முன்னம் இதே தூரியிடம் ஒரு எனாமல் பானை வாங்கினேன். அன்றைக்கு நான் தனியாகப் போயிருந்தேன். அவனைக் களைக்கப் பண்ணி, நான் சொன்ன விலைக்கே வாங்கிய பிறகும், “வேறை என்ன தருவாய்?” என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த ஒரு துருக்கம்பியைத் தூக்கித் தந்தான். “இதையும் கொண்டு போ. தயவுசெய்து போ!”

கொண்டு போனேன். தேய்த்துத் துடைத்தேன். ஒன்றரை முழம் இருக்கும், நேராக, வழுவழுவென்று. என் புட்டுக் குழலுக்குள் விட்டுப் பார்த்தால், தள்ளுவதற்கு அளவோடு நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புட்டுத் தள்ளுவது அந்தக் கம்பியால்தான். நீளம் என்றபடியால் கையில் ஆவி அடிக்காது. நுனித் துளையில் ஒரு துணிக் கிழிசலைச் செருகிக் குழலைத் துடைப்பேன். இத்தாலியப் படைவீரனும் துவக்கில் அதையேதான் செய்தானாம், வேறெதற்காக அந்தத் துளை!

தூரியின் போனில் இருந்தது என் புட்டுக் கம்பியின் கூடப்பிறந்தது.

சிரிப்புக்கு நடுவில் நான் விசயத்தைச் சொல்லி முடித்தேன். சிஞ்ஞோருக்கு முதலில் விளங்கவில்லை. புட்டென்றால் என்னவென்று கையால் செய்து காட்டினேன். தூரிக்கு உடனே விளங்கிவிட்டது. சும்மா தூக்கித் தந்த சாமான் என்னவென்று தெரிந்ததும் அவன் தன் மேசையில் தானே குந்திவிட்டான்.

“எங்கை அது? எங்கை?” என்று சிஞ்ஞோர் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

“வீட்டிலை, குசினியிலை!”

“நட!”

பாண் கிடக்குது

வயது போனவர் என்று அவரைப் பார்த்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி நடந்தார். பல்லரோவுக்குள் தக்காளிக்காரன், கத்தரிக்காய்க்காரன் எல்லாரையும் இடித்துக்கொண்டு என் வீட்டுப் படி ஏறினோம். என் மனிசன் ஜெயம், ரிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“இஞ்சாருங்கோ, கம்பி எங்கை?”

“என்ன கம்பி?”

“புட்டுக் கம்பி!”

“பசிக்குதே? பாண் கிடக்குது, சாப்பிடும்.”

தலையில் அடித்துக்கொண்டு குசினியைப் புரட்டினேன். குழலும் இல்லை, கம்பியும் இல்லை. பிறகுதான் ஜெயத்துக்கு ஞாபகம் வந்தது.

“இஞ்சரும், அதை நேற்றுத் தேவியெல்லோ வாங்கிக்கொண்டு போனவ. பேரன்ரை முதலாவது பிறந்தநாளாம்.”

தேவி எங்கள் அடுத்த தெருக்காரி. மொரீசியஸ் தமிழ். தமிழ் அவவுக்குக் கொஞ்சம்தான் வரும், நாங்கள் இத்தாலிய மொழியில்தான் கதைப்போம். ஆனால் புட்டு இரண்டு பேருக்கும் புட்டுத்தான். அவர்கள் சீனி போட்டு இனிப்பாக அவிப்பார்கள். விருந்தென்றால் என் கம்பியைக் கேட்டு வாங்குவா, மரக்கம்பு நடுவில் முறிந்துவிடுமாம்.

பிறந்தநாள் நடக்கிற மண்டபத்துக்கு ஓடினோம். இந்த முறை ஜெயமும் கிரிக்கெட்டை விட்டுவிட்டு வந்தார், சிஞ்ஞோர் விழுந்தால் பிடிக்க.

மண்டபத்துக் குசினியில் ஆவி கண்ணை மறைத்தது. வெளியே கோப்பையோடு பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தின. உள்ளே தேவி குழலைச் சரித்துப் பிடித்து, முதலாம் உலகப் போர்க் கம்பியால் ஒரே தள்ளு. புட்டு உருண்டு வந்து தட்டில் விழுந்தது.

“மெதுவா!” என்று சிஞ்ஞோர் அலறினார். “மெதுவா, சிஞ்ஞோரா! வளைஞ்சு போகும்!”

தேவி திரும்பிப் பார்த்தா. “ராணி, யாரிந்தத் தாத்தா? புட்டுக்கு இப்பிடி அந்தரப்படுறார்?”

நான் விளங்கப்படுத்தினேன். தேவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டா. கேட்டு முடித்துவிட்டு, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தா.

“துவக்கு நூறு வருசம் பொறுத்ததெல்லோ? மா குழைச்சாச்சு. கடைசிப் பிள்ளைக்கும் தள்ளி முடிச்ச பிறகுதான் தருவன்.”

அவவோடு பேரம் பேச என்னாலும் ஏலாது. அதனால் நானே குழலை வாங்கித் தள்ளத் தொடங்கினேன். சிஞ்ஞோர் என் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தள்ளுக்கும் மூச்சை இழுத்தார். இடையில் கம்பியைத் துடைக்கும் சாட்டில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்தார். அங்கே சின்னதாக ஒரு முத்திரை. எனக்குக் கீறல் மாதிரிக் கிடந்தது. அவர் அதை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“ஒறிஜினல்,” என்றார். “ராணி, ஒரு துரு இல்லை. என்ன பூசினனீ?”

“தேங்காய் எண்ணெய்.”

அவர் என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிள்ளைகள் கைதட்டின. ஜெயம் மேலே விட்டத்தைப் பார்த்தார். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு சிஞ்ஞோருக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. மனிதர் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரலால் வழித்துச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார்.

ஒரு சாமான் குறைந்தாலும்

அடுத்த நாள் காலையில் கம்பியைத் துவக்கின் மரத்துக்குள் விட்டார். போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு சுற்றுச் சுற்ற, இறுகிக்கொண்டு நின்றது. சிஞ்ஞோர் துவக்கை மேசையில் வெள்ளைத் துணியில் கிடத்தினார். சவரம் எடுத்தார். கழுத்துப்பட்டி கட்டினார். நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். இரண்டு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஜொவான்னா வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். கோப்பியும் குடிக்கவில்லை, நேரே மேசைக்குப் போனாள்.

நான் நினைத்தது, ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்பாள் என்று. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். துவக்கைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வளையங்களைத் தடவினாள். கம்பியில் விரலை ஓட்டி, “ஆ, கிடைச்சிட்டுதே!” என்று ஒருமுறை சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு துவக்கைக் கவிழ்த்தாள். விசைக்குக் கீழே இருந்த ஒரு திருகாணியில் அவளுடைய நகம் நின்றது.

“பப்பா. இந்தத் திருகாணி?”

“அதுக்கென்ன?”

“நீங்களே பாருங்கோ.”

சிஞ்ஞோர் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடு குனிந்தார். நான் மனதுக்குள், பொய் சொல்லுங்கோ சிஞ்ஞோர், ஒரேயொரு பொய் சொல்லுங்கோ என்று மன்றாடினேன்.

“ஓம்,” என்றார். “இது பிந்தின காலத்துத் திருகாணி. இந்தத் துவக்கின்ரை இல்லை. நான் கவனிக்கேல்லை.”

“சின்னனிலை ஞாயிறு ஞாயிறாச் சந்தையிலை குந்தவைச்சு, திருகாணி பொறுக்க விட்டது என்னைத்தானே, பப்பா. எனக்குத் தெரியாதே?”

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “கை குலுக்கினது குலுக்கினதுதான். ராணி, அந்தப் பெரிய பெட்டியைக் கட்டிலுக்குக் கீழையிருந்து எடு.”

என்னால் அசைய முடியவில்லை. இந்தப் பெட்டையின் கண்ணில் மண் விழ என்று மனதுக்குள் திட்டினேன், சத்தியமாகத் திட்டினேன்.

“பெட்டி என்னத்துக்கு?” என்றாள் ஜொவான்னா.

“ஒரு சாமான் குறைஞ்சால் வரவேணும் எண்டு நீதானே சொன்னனீ.”

“அரைகுறைத் துவக்கோடை வந்து, என்ரை வீட்டிலை ஒவ்வொரு நாளும் இந்தத் திருகாணிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கப் போறியளே? எனக்கு வேண்டாம். நீங்கள் இதை முடிச்சுப்போட்டு வாங்கோ.”

சிஞ்ஞோர் மகளைப் பார்த்தார். அவள் துவக்கைத் துணியில் திரும்பக் கிடத்திக்கொண்டிருந்தாள்.

“ஜொவான்னா, இந்தத் திருகாணி ஒண்டு அகப்பட எத்தினை வருசம் போகும் தெரியுமே உனக்கு?”

“தெரியும், பப்பா,” என்றாள் அவள்.